ஒற்றைக்கல் மண்டபத்தில் வைத்த வாள்

கோட்டாற்றின் பழைய வரலாற்றைத் திறந்தால் எங்கும் படை நடமாட்டம்தான். இன்று சந்தைக்கும் சவேரியார் பேராலயத்துக்கும் பெயர்பெற்ற இந்த ஊரில் முதல் குலோத்துங்கன் ஒரு நிலைப்படையை நிறுத்தியிருந்தான். தென்கோடியைச் சோழர் பிடியில் வைத்திருக்க அவன் தேர்ந்த இடம் இது. அதற்கு முன்னால் பாண்டியரும் ஆய் அரசர்களும் இந்த மண்ணுக்காக மோதியிருக்கிறார்கள். 1544-இல் வடுகர் படை குமரிமுனை வரை புகுந்து கரையோர மக்களைச் சூறையாடியதைப் பிரான்சிஸ் சவேரியாரின் கடிதங்கள் சொல்கின்றன. 1630-களில் திருமலை நாயக்கரின் படை வந்தபோது வேணாட்டுப் படைத்தலைவர் இரவிக்குட்டிப் பிள்ளை கணியாகுளத்தில் வீழ்ந்தார். அந்தச் சாவு கதைப்பாட்டாகி நாஞ்சில் நாட்டு நினைவில் தங்கிவிட்டது. இத்தனைக்கும் காரணம் நிலத்தின் அமைப்பு. வேணாட்டுக்குக் கிழக்கே மதிலாக நிற்கும் மலை, ஆரல்வாய்மொழியில் விலகி வழிவிடுகிறது. மதுரை, நெல்லைச் சீமைகளிலிருந்து வரும் படை அந்த வாசலில்தான் நுழையும். நுழைந்தால் முதலில் மிதிபடுவது நாஞ்சில் நாட்டு வயல். முதலில் கொள்ளைபோவது கோட்டாற்றுக் கடைத்தெரு.

இப்படிப்பட்ட இடத்தில் ஆள நேர்ந்த ஒரு சிறிய அரசு தன்னைக் காத்துக்கொள்ளும் வழி வெறும் படைக்கணக்கில் அடங்காது. பேரரசு ஒரு போரில் தோற்றால் இன்னொரு படையை அனுப்பும். ஒரு மாகாணத்தை இழந்தாலும் பிழைத்துக்கிடக்கும். சிறிய அரசுக்கு ஆளும் குறைவு, பொருளும் குறைவு, பின்வாங்க இடமும் குறைவு. ஆகவே இருக்கிற கொஞ்சம் பேர் யாருக்காக நிற்பார்கள், எதற்காகச் சாவார்கள் என்பதே அதன் தலையாய கேள்வி. மனிதன் எதன்மேல் தன் விசுவாசத்தை வைக்கிறான் என்று கேட்கத் தொடங்கியதும் அரசியல் சமயத்தின் வாசலுக்கு வந்துவிடுகிறது. வேணாட்டிலிருந்து வளர்ந்த திருவிதாங்கூர் அந்த வாசலையும் தாண்டி உள்ளே போன அரசு. தன் நாடு முழுவதையும் ஒரு தெய்வத்தின் பெயரில் எழுதிவைத்தது. ஒரு நாடு அப்படிச் செய்யலாமா, செய்தால் அது காக்கப்படுமா என்ற கேள்விக்கு விடை தேட கோட்டாற்றைவிடப் பொருத்தமான ஊர் இல்லை. அந்தக் காவலின் வெற்றியும் அந்தக் காவல் கேட்ட பலியும் இந்த ஊரைச் சுற்றியே நடந்தன. அரசனைக் கட்டுப்படுத்தும் வரை அந்த ஒப்படைப்பு நாட்டுக்கு அரணாக இருந்தது என்றும், குடிகளின் மனச்சாட்சியைக் கட்டுப்படுத்தத் தொடங்கியதும் அந்த அரணில் உடைப்பு விழுந்துவிட்டது என்றும் நான் கருதுகிறேன்.

மார்த்தாண்ட வர்மா 1729-இல் பட்டத்துக்கு வந்தபோது வேணாட்டு அரசன் பெயரளவில்தான் அரசன். திருவனந்தபுரம் கோயிலை நடத்திய எட்டரை யோகத்தில் அரசனுக்கு அரை வாக்கு. கோயில் நிலங்களை எட்டு வீட்டுப் பிள்ளைமார் கையில் வைத்திருந்தார்கள். தெற்கே நாஞ்சில் நாட்டின் நிலை இன்னும் கவனிக்கத்தக்கது. நாயக்கர் படைகள் மாறிமாறி வந்து அறுவடையைக் கொள்ளையிட்டன. அவர்கள் போன பிறகு வேணாட்டு அதிகாரிகள் வந்து வரி கேட்டார்கள். பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நாஞ்சில் நாட்டு ஊரார் திரண்டு கூட்டம் போட்டு, முறைகெட்ட வரிகளைக் கொடுப்பதில்லை என்று முடிவெடுத்து ஓலையில் எழுதிவைத்தார்கள். காவல் தராத அரசுக்குக் கடமையும் இல்லை என்ற எண்ணம் அந்தக் கூட்டங்களின் உயிராக இருந்தது. ஐரோப்பாவில் அரசியல் தத்துவ நூல்கள் ஒப்பந்தம் என்று பேசியதை நாஞ்சில் நாட்டு வேளாளர்கள் வயல்வரப்பில் நின்று பேசினார்கள். திருக்குறளில் அரண் என்ற அதிகாரம் மதிலின் உயரம், அகலம், திண்மை என்று விரித்துக்கொண்டே போய், உள்ளே இருப்பவர்களிடம் செயல்மாண்பு இல்லாவிட்டால் அந்த மதிலால் பயனில்லை என்ற இடத்தில் வந்து முடிகிறது. மார்த்தாண்ட வர்மா கைக்கொண்ட வேணாட்டுக்கு மதிலும் போதாது, உள்ளே இருப்பவர்களின் மனமும் கூடிவரவில்லை.

அவர் முதலில் செய்தவை எல்லா வன்மையான அரசர்களும் செய்தவைதான். அவற்றை விரிக்க வேண்டியதில்லை. கிழக்கிலிருந்து கூலிப்படை கொண்டுவந்தார், பிள்ளைமாரைக் கொடூரமாக ஒடுக்கினார், வடக்கே கொல்லம், காயங்குளம், அம்பலப்புழை என்று ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டார். மிளகு வணிகத்தை அரசின் தனியுரிமையாக்கி அந்தப் பணத்தில் படையை வளர்த்தார். 1741 ஆகஸ்டில் குளச்சலில் டச்சுக் கம்பெனியின் படை தோற்றது. மீனவர்கள் துடுப்பைத் தோளில் சாய்த்துக் கரையில் அணிவகுத்து நின்று எதிரியை மருட்டினார்கள் என்ற வாய்மொழி வழக்கு ஒன்று கடற்கரையில் உண்டு. நடந்ததோ இல்லையோ, அந்த வெற்றியில் தங்களுக்கும் பங்கு உண்டு என்று கோயிலுக்குள் போக முடியாத ஒரு மக்கள் நினைவில் வைத்திருக்கிறார்கள் என்பது முக்கியம். அங்கே பிடிபட்ட டச்சுப் படை அதிகாரி டிலனாய் பிறகு திருவிதாங்கூர்ப் படைக்குப் பயிற்சி கொடுத்து வலிய கப்பித்தான் ஆனார். உதயகிரிக் கோட்டை பலப்பட்டது. கிழக்கு வாசலில் ஆரல்வாய்மொழி அரண் எழுந்தது. 1753-இல் மாவேலிக்கரை உடன்படிக்கையில் டச்சுக்காரர்கள் உள்நாட்டுச் சண்டைகளில் தலையிடுவதில்லை என்று ஒப்புக்கொண்டார்கள். கப்பலும் பீரங்கியும் கொண்ட ஒரு கம்பெனியை இருபது ஆண்டுகளுக்குள் ஒரு சிறிய அரசு அந்த நிலைக்குக் கொண்டுவந்தது பெரிய சாதனை. அதைக் குறைத்துச் சொல்ல ஒன்றுமில்லை.

ஆனால் கோட்டையும் மிளகும் படையும் சேர்ந்து ஒரு கேள்விக்குப் பதில் சொல்லவில்லை. பத்துப் பன்னிரண்டு சிற்றரசுகளை வாளால் ஒட்டவைத்த ஒரு நாடு, அந்த வாள் தளர்ந்ததும் ஏன் பிரியாமல் இருக்க வேண்டும்? அதற்கான விடைதான் 1750 ஜனவரியில், கொல்லம் ஆண்டு 925 மகரம் 5-ஆம் தேதி நடந்த திருப்படித்தானம். அரசர் தம் குடும்பத்தாரோடு பத்மநாப சுவாமி சன்னிதிக்கு வந்து, ஒற்றைக்கல் மண்டபத்தில் உடைவாளை வைத்து, தோவாளைக் கோட்டை முதல் கவணாறு வரையுள்ள நாட்டைத் தெய்வத்துக்கு எழுதிக்கொடுத்தார். வாளைத் திரும்ப எடுத்தபோது அவர் அரசர் அல்லர், பத்மநாபதாசர். நாடு தெய்வத்தின் சொத்து. ஆள்கிறவன் அதன் காரியக்காரன். அவருக்குப் பின்வந்த தர்மராஜா இரண்டாம் முறையும் தானம் செய்து அதை உறுதிப்படுத்தினார். அரசியல் நோக்கில் மட்டும் பார்த்தால் இதைவிடக் கூரிய காவல் திட்டத்தை நினைக்க முடியாது. காயங்குளத்தாருக்கும் அம்பலப்புழையாருக்கும் வேணாட்டு அரசனை எதிர்ப்பது நேற்று வரை சண்டை. இன்று முதல் அது சுவாமி துரோகம். அவர்களும் கும்பிடும் திருமாலின் நிலத்தை அவர்கள் எப்படிப் பங்குபோடக் கேட்பார்கள்? ஒரு வீரனைக்கூடக் கூடுதலாகச் சேர்க்காமல் நாட்டின் உள்ளெல்லைகள் ஒரே நாளில் மறைந்தன.

இதை வெறும் தந்திரம் என்று ஒதுக்குகிறவர்கள் உண்டு. கொலைகளுக்கும் ஆக்கிரமிப்புகளுக்கும் கழுவாய் தேடினார் என்றும், கோயில் நிலங்களின் மேலான பிடியை மறைக்கத் தெய்வத்தை முன்னிறுத்தினார் என்றும் சொல்வார்கள். அந்த விளக்கங்களில் உண்மை இருக்கலாம். ஆனாலும் அந்தச் செயலின் பொருள் அதைச் செய்தவரின் நோக்கத்தோடு முடிந்துவிடுவதில்லை. நாடு என்னுடையது இல்லை என்று ஒரு அரசன் எல்லோர் முன்னும் சொல்லி எழுதிக்கொடுத்த பிறகு, அந்தச் சொல் அவனைவிட நீண்ட ஆயுள் உடையது. திருவிதாங்கூர் அரசர்கள் தனிவாழ்வில் பொதுவாக எளிமையாக இருந்ததற்கும், நாட்டுப் பணத்தைத் தங்கள் பணமாக நினைக்கத் தயங்கியதற்கும் அந்தச் சொல்லோடு தொடர்பு உண்டென்றே நம்புகிறேன். தனக்குமேல் ஒன்று இருக்கிறது என்று ஒப்புக்கொள்ளும் ஆட்சி, தானே எல்லாம் என்று நினைக்கும் ஆட்சியைவிடப் பாதுகாப்பானது. சிறிய நாட்டை அயலான் அழிப்பதற்கு முன் அதன் அரசனின் ஆசைகளே பெரும்பாலும் அழித்துவிடும். அந்த ஆசைகளுக்குத் திருப்படித்தானம் ஒரு கடிவாளம். இதுவரை அந்த ஒப்படைப்பு நல்லதே.

அதன் மறுபக்கம் கோட்டாற்றில் சவேரியார் ஆலயத்துக்குள் புதைக்கப்பட்டிருக்கிறது. நட்டாலத்தில் 1712-இல் பிறந்த நீலகண்ட பிள்ளை அரண்மனை ஊழியத்தில் இருந்தவர். டிலனாயின் நட்பால் கிறிஸ்தவ சமயத்தை அறிந்து 1745-இல் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்றுத் தேவசகாயம் ஆனார். 1749-இல் சிறைப்பட்டார், எருமைமேல் ஏற்றி ஊர்வலம் விடப்பட்டார், நெடிய வதைக்குப் பின் 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழிக் காற்றாடி மலையில் சுட்டுக்கொல்லப்பட்டார். உடல் கோட்டாற்றுக்கு வந்தது. 2022 மே 15 அன்று வத்திக்கானில் அவருக்குப் புனிதர் பட்டம் அறிவிக்கப்பட்டது. அவர் கொல்லப்பட்ட இடத்தைக் கவனிக்க வேண்டும். எந்த வாசலைக் காக்க அந்த அரசு மதில் எழுப்பியதோ, அந்த வாசலில்தான் தன் சொந்த ஊழியனைச் சுட்டது.

இங்கே எழும் மறுப்புகளுக்கு நேர்மையாக முகம்கொடுக்க வேண்டும். அவரைக் கொன்றது சமயம் மாறியதற்காக இல்லை, அரச குற்றத்துக்காக என்று வாதிடும் வரலாற்றாசிரியர்கள் உண்டு. மதத்துக்காகத் தண்டிப்பது திருவிதாங்கூரின் வழக்கமே இல்லை என்பது அவர்கள் நிலை. சமயப் பகை என்று எடுத்துக்கொண்டால், அதே அரசர் கத்தோலிக்கரான டிலனாயைத் தளபதியாக்கி, உதயகிரிக் கோட்டைக்குள்ளேயே அவர் வழிபட இடம் கொடுத்தது பொருந்தாது. தேதிகளும் இடிக்கின்றன: சிறைவாசம் 1749, தானம் 1750, பின்னால் நடந்தது முன்னால் நடந்ததற்குக் காரணமாகாது. இன்னொன்றை நானே சேர்க்கிறேன். அந்த அரசரின் அச்சத்துக்கு அடிப்படை இருந்தது. 1530-களில் முத்துக்குளித்துறைப் பரதவர் போர்த்துக்கீசியரின் காவலை நாடியே ஊரூராகத் திருமுழுக்குப் பெற்றார்கள். 1544-இல் திருவிதாங்கூர்க் கடற்கரையில் ஒரே மாதத்தில் பத்தாயிரம் பேருக்கு மேல் திருமுழுக்குக் கொடுத்ததாகச் சவேரியார் எழுதினார். அந்தக் கடற்கரையில் சமயம் மாறுவது புரவலன் மாறுவதாகவும் இருந்தது. டச்சுக்காரர்களை அப்போதுதான் முறியடித்த ஓர் அரசனுக்கு, தன் அரண்மனைக்குள்ளேயே ஒருவன் வேறு கடவுளைத் தேர்ந்துகொள்வது அரணுக்குள் திறந்த கதவாகத் தெரிந்திருக்கலாம்.

இந்த மறுப்புகளை எல்லாம் ஏற்றுக்கொண்டாலும் என் வாதம் தளரவில்லை, சொல்லப்போனால் உறுதிப்படுகிறது. தானம் கொலைக்குக் காரணம் என்று நான் சொல்லவில்லை. இரண்டும் ஒரே எண்ணத்தில் விளைந்தவை. அரசையும் கோயிலையும் ஒன்றாக்கும் வேலை 1750-க்கு வெகுமுன்பே தொடங்கிவிட்டது. தானம் அதன் முடிசூட்டு. அரசுக்குச் செய்யும் கடமையும் தெய்வத்துக்குச் செய்யும் வழிபாடும் ஒன்றாகிவிட்ட நாட்டில், நீலகண்டன் செய்தது சமயக் குற்றமா அரச குற்றமா என்று கேட்பதற்கே இடமில்லை. பிரித்தறியும் கண்ணை அந்த அரசு தானாகவே மூடிக்கொண்டது. டிலனாயின் செய்தி அதற்கே சான்று. அயலானின் விசுவாசம் சம்பளத்தாலும் சத்தியத்தாலும் அளக்கப்பட்டது. அவன் யாரைக் கும்பிட்டால் என்ன? சொந்தக் குடியின் விசுவாசமோ வழிபாட்டால் அளக்கப்பட்டது. அதனால்தான் நேற்று எதிரியாக வந்தவன் கோட்டைக்குள் கும்பிடலாம், நட்டாலத்துக்காரன் கும்பிடக் கூடாது என்றாயிற்று. அவர் டச்சுக்காரர்களுக்குக் கோட்டைத் திறவுகோலைக் கொடுத்ததாகத் தெரியவில்லை. திருச்சபை மரபு சொல்கிறபடி, அவர் சாதி பாராமல் எல்லோரோடும் பழகியதும் உண்டதுமே மற்றவர்களின் சினத்தைக் கிளறியது. அதில் நாட்டுக்கு என்ன ஆபத்து? சாதி முறைக்கு ஆபத்து. அரசு தன்னை அந்த முறையோடு சேர்த்துக் கட்டியிருந்ததால் மட்டுமே அது நாட்டின் ஆபத்தாகத் தோன்றியது.

சிறிய அரசுக்கு இந்தத் தவறு எவ்வளவு கேடு என்பதை அடுத்த நூறு ஆண்டுகள் காட்டின. வடக்கே நெடுங்கோட்டை 1789 இறுதியில் திப்புவின் முதல் தாக்குதலைத் தாங்கியது. சில மாதங்களில் விழுந்தது. அந்தப் பயத்தில் 1795-இல் ஆங்கிலக் கம்பெனியோடு செய்த உடன்படிக்கையும் 1805-இல் செய்த இன்னொன்றும் நாட்டின் பாதுகாப்பைக் கம்பெனியின் கையில் கொடுத்தன. தலக்குளத்துக்காரரான வேலுத்தம்பி தளவாய் 1809 ஜனவரியில் குண்டறையில் விடுத்த அறைகூவல், ஆங்கிலேயர் வென்றால் கோயில்களில் சிலுவை ஏறும் என்று மக்களை எச்சரித்தது. அவருடைய துணிவைக் கைகூப்பித்தான் நினைக்க வேண்டும். ஆனால் அவருக்கு எழுப்பத் தெரிந்த ஒரே உணர்வு கோயிலைப் பற்றிய அச்சமாக இருந்தது. அது தொட்டது நாட்டில் ஒரு பகுதியினரை. கோயிலுக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்களுக்குக் கோயில் ஆபத்தில் இருக்கிறது என்ற செய்தியில் என்ன இருக்கிறது? அடுத்த மாதமே ஆரல்வாய்மொழி அரண் விழுந்தது. கம்பெனிப் படை நாகர்கோவிலையும் கோட்டாற்றையும் கடந்து போயிற்று. உதயகிரியும் பத்மநாபபுரமும் பணிந்தன. அறுபத்தெட்டு ஆண்டுகளுக்கு முன் குளச்சலில் வென்ற நாடு அது.

அதே காலத்தில்தான் மயிலாடியில் லண்டன் மிஷன் வேரூன்றியது. தோள்சீலை அணியும் உரிமைக்காக நாடார் பெண்கள் 1820-களிலிருந்து 1859 வரை தென்தாலுகாக்களின் சந்தைகளிலும் தெருக்களிலும் அடிபட்டார்கள். ஆடைகள் கிழிக்கப்பட்டன, ஆலயங்களும் வீடுகளும் எரிந்தன. அந்த மக்கள் தங்கள் அரசனிடம் நியாயம் கிடைக்காமல் பாதிரியாரிடமும் ரெசிடெண்டிடமும் சென்னை ஆளுநரிடமும் போனார்கள். குடிகள் அயல் புரவலனைத் தேடிப் போய்விடுவார்களோ என்று ஓர் அரசு பயந்தது. அந்தப் பயத்தில் பின்பற்றிய முறைகளே அவர்களை அயல் புரவலனிடம் துரத்தின. 1859-இல் அரசு விட்டுக்கொடுத்தது சென்னையின் அழுத்தத்தால். தானாகக் கொடுத்திருந்தால் விசுவாசமாக விளைந்திருக்கும். அழுத்தத்தில் கொடுத்ததால் நன்றி வேறு இடத்துக்குப் போயிற்று.

அந்த ஒப்படைப்புக்கு மிக ஆழமான மறுமொழி சொன்னவர் ஐயா வைகுண்டர். சாமிதோப்பில் 1830-களில் எழுந்த அவருடைய குரல் திருமாலை மறுக்கவில்லை. அரசன் யாருடைய தாசன் என்று சொல்லிக்கொண்டானோ, அதே நாராயணனின் மகனாகத் தம்மை அறிவித்தார். 1841-இல் எழுதப்பட்ட அகிலத்திரட்டு, நீசனின் ஆட்சியைக் கண்டு திருமால் திருவனந்தபுரத்தை விட்டுத் திருச்செந்தூருக்குப் போய்விட்டதாகச் சொல்கிறது. இதைக் கதை என்று தாண்டிப்போகக் கூடாது. ஓர் அரசியல் தத்துவம் இதில் முழுமையாக இருக்கிறது. நாட்டைத் தெய்வத்துக்கு எழுதிக்கொடுத்தவன், அந்தத் தெய்வம் தன்னை விசாரிக்கவும் உரிமை கொடுத்திருக்கிறான். எழுதிக்கொடுத்த சொத்தைக் காரியக்காரன் கெடுத்தால் உடையவன் கைவிட்டுப் போகலாம். ஒற்றைக்கல் மண்டபத்தில் வைத்த வாளைத் திரும்ப எடுக்கும்போது அரசன் ஏற்றுக்கொண்ட பொறுப்பை, கோயில் வாசலைக்கூட நெருங்கவிடப்படாத ஒருவர் நினைவூட்டினார். அரசு அவரைச் சிங்காரத்தோப்பில் சிறைவைத்துப் பதில் சொன்னது. திருப்படித்தானத்தைத் திருவனந்தபுரத்து அறிஞர்கள் யாரையும்விடத் தீவிரமாக நம்பியவர் வைகுண்டர் என்பதே என் முடிவு. அவர் நம்பியதால்தான் அரசன் தோற்றான்.

பொதுவான தெய்வமோ பொதுவான வழிபாடோ இல்லாவிட்டால் ஒரு சிறிய நாட்டை எது கட்டிவைக்கும் என்று கேட்பார்கள். வெறும் சட்டத்துக்காக யாரும் உயிர்விட மாட்டார்கள், புனிதம் என்று ஒன்று வேண்டும் என்பார்கள். இது வலுவான கேள்வி. நம்பிக்கையற்ற அரசு தானாகவே பாதுகாப்பான அரசாகிவிடும் என்று நானும் நினைக்கவில்லை. ஆனால் நம் காலத்தில் சிறிய அரசுகள் இதை எப்படி எதிர்கொண்டன என்று பார்க்கலாம். 1942-இல் ஜப்பானியரிடம் வீழ்ந்த நினைவைச் சுமக்கும் சிங்கப்பூர், 1984-இல் முழுமைத் தற்காப்பு என்ற கொள்கையை அறிவித்தது. படை அதில் ஒரு கூறு மட்டுமே. சமூக ஒற்றுமையும் மக்களின் மன உறுதியும் அதனோடு சரிக்குச் சரியாக வைக்கப்பட்டன. சீனரும் மலாய்க்காரரும் தமிழரும் வாழும் தீவில் எந்த ஒரு சமயத்தையும் அரசோடு கட்டினால் மற்றவர்கள் எல்லைக்கு வெளியே பார்க்கத் தொடங்குவார்கள் என்பதை அவர்கள் கண்டிருந்தார்கள். சமயங்களுக்கு மேல் அரசின் கண்காணிப்பு அங்கே மிகுதி. அதை நான் மெச்சவில்லை. ஆயினும் விசுவாசத்தை வழிபாட்டால் அளக்கக் கூடாது என்ற அடிப்படையை அந்தச் சிறிய நாடு பிடித்துக்கொண்டது. பக்கத்தில் இலங்கை 1972-இன் அரசியலமைப்பில் பௌத்தத்துக்கு முதன்மை இடம் கொடுத்தது. பெரிய அயல்நாட்டின் அருகே வாழும் ஒரு தீவின் அச்சம் அதில் இருந்ததை மறுக்க முடியாது. அந்த அச்சம் தேடிய பாதுகாப்பு கிடைத்ததா என்பதற்கு அடுத்த நாற்பது ஆண்டுகளின் குருதி சாட்சி.

உயிர்கொடுக்க வைக்கும் புனிதம் வேண்டும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். அது எங்கே இருக்க வேண்டும் என்பதில்தான் வேறுபடுகிறேன். தேவசகாயம் சாகும்வரை அசையாமல் நின்றாரே, அந்த உறுதி ஒரு சிறிய அரசுக்குக் கிடைக்கக்கூடிய மிக அரிய செல்வம். சித்திரவதைக்கும் வளையாத ஒருவன் எதிரியின் பணத்துக்கும் வளையமாட்டான். மனச்சாட்சியை உடைத்து விசுவாசத்தைப் பெற நினைக்கும் அரசு, விசுவாசம் ஊறும் கண்ணையே அடைத்துவிடுகிறது. உடைந்த மனச்சாட்சியோடு பணிந்தவன் அடுத்த படை வரும்போது அதற்கும் பணிவான். பேரரசுகள் இப்படிப் பணிந்தவர்களைக் கொண்டு காலம் தள்ளலாம். அவற்றுக்கு எண்ணிக்கை இருக்கிறது. வேணாட்டுக்கு எண்ணிக்கை இல்லை. அதனால் மனச்சாட்சிக்கு இடம் கொடுப்பதை அதன் பாதுகாப்புக் கொள்கையின் முதல் உறுப்பாகவே சொல்வேன். தெய்வத்தின் பார்வையில் பேசினாலும் இதே முடிவுதான் வருகிறது. நாடு தெய்வத்துடையது என்றால் அதில் வாழும் மனிதனின் உள்ளமும் தெய்வத்துடையது. காரியக்காரன் நிலத்தைக் காக்கலாம், வரி தண்டலாம், படை நடத்தலாம். உள்ளத்துக்குள் நுழைய அவனுக்கு எந்தத் தானப் பத்திரமும் அதிகாரம் கொடுக்கவில்லை.

திருவிதாங்கூர் இதைப் பிந்தியாவது உணர்ந்தது. ஈழவர்கள் கூட்டமாகச் சமயம் மாறிவிடுவார்கள் என்ற பேச்சு எழுந்த சூழலில், 1936 நவம்பர் 12 அன்று அரசர் சித்திரைத் திருநாள் கோயில் நுழைவுப் பிரகடனம் செய்தார். அந்தக் காலத்தில் அரிய துணிவு அது. பயத்தில் பிறந்தது என்று அதைச் சிறுமைப்படுத்த மாட்டேன். பயம் ஒரு முறையாவது கதவைச் சாத்தாமல் திறக்க வைத்தது. 1947 ஜூனில் திவான் சி.பி. ராமசாமி ஐயர் திருவிதாங்கூர் தனிநாடு என்று அறிவித்தபோது அந்த அறிவிப்புக்காக நிற்க மக்கள் வரவில்லை; ஜூலை முடிவதற்குள் அவர் வெட்டுப்பட்டார், சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்தது. 1956 நவம்பர் 1-இல், முதல் தலைநகரான பத்மநாபபுரமும் குளச்சலும் கோட்டாறும் அடங்கிய நான்கு தென்தாலுகாக்கள் தமிழ்நாட்டோடு இணைந்தன.

இவற்றுக்கு நடுவே, 1949-இல் நடந்த ஒன்று பரவலாகப் பேசப்படுவதில்லை. திருவிதாங்கூரும் கொச்சியும் ஒன்றாகி, சித்திரைத் திருநாள் அந்த இணைப்பின் தலைவரான ராஜப்பிரமுகராக வேண்டிய நேரம். தாம் பத்மநாபதாசர் என்றும், தெய்வத்தின் சார்பில் ஆண்ட தம்மால் வேறு யாருக்கும் உறுதிமொழி எடுக்க முடியாது என்றும் அவர் சொன்னார். பிரிவினையின் புண் ஆறாத, ஹைதராபாத், காஷ்மீர்ச் சண்டைகளின் சூடு தணியாத காலத்தில், இணைய மறுத்த மன்னர்களை வழிக்குக் கொண்டுவந்த படேலுக்கும் வி.பி. மேனனுக்கும் இதை அவமதிப்பாக எடுத்துக்கொள்ள எல்லாக் காரணமும் இருந்தது. அவர்கள் வற்புறுத்தவில்லை. உறுதிமொழிக்குப் பதிலாக எழுத்தில் ஓர் உறுதியைப் பெற்றுக்கொண்டு, அவருடைய சத்தியம் அவருடைய தெய்வத்திடமே இருக்கட்டும் என்று விட்டுவிட்டார்கள். காற்றாடி மலையில் நீலகண்டனுக்குக் கிடைக்காத அந்த இடத்தைப் புதிய இந்தியா பத்மநாபதாசருக்குக் கொடுத்தது. 1956 வரை அவர் ராஜப்பிரமுகராக இருந்தார். அவர் எடுக்காத உறுதிமொழியால் இந்தியாவின் பாதுகாப்புக்கு ஒரு குறையும் வரவில்லை.